டியூபில் மிச்சமிருந்த சிலிகான்

செவ்வாய். மழை விடவில்லை.

எங்கள் ஷெட்டில் வேலை செய்யும் பாலாஜிக்கு இன்று கிரைண்டிங் மிஷின் சுவிட்சில் ஷாக் அடித்தது. சுவிட்ச் பெட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அந்த ஓட்டையை நான்தான் சனிக்கிழமையே சிலிகான் பசை வைத்து அடைத்திருக்க வேண்டும். டியூபில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. திங்கட்கிழமை புதிது வரும் என்று, அதை வீட்டுக்கு எடுத்து வந்து ரிமோட்டில் ஓடும் என் பொம்மை டிரக்கில், சிக்னல் வாங்கும் ரிசீவர் பெட்டியைச் சுற்றிப் பூசினேன். ஞாயிற்றுக்கிழமை ஏரிச் சேற்றில் முழுக்க மூழ்கியும் டிரக் நிற்கவில்லை. நேற்று புதிய டியூப் வரவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிழைத்துக்கொண்டான். வலது கையில் மட்டும் உணர்ச்சி இல்லையாம்.

"இன்னாண்ணா, வாசல்லயே நின்னுக்கினு கீற? உன் பொம்ம வண்டி ஏரித் தண்ணில ஓடிச்சா?" என்றான்.

"ஓடிச்சுடா" என்றேன்.

வீட்டுக்கு வந்து இப்போதுதான் டிரக்கின் அந்த ரிசீவர் பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே துளி ஈரம்கூட இல்லை.