புர்கோஸில் நாம் நடக்காத நாள்

அக்கா,

இன்று காலை பாரிசில், ரூ பெர்தொனே தெருவில், பலசரக்குக் கடைக்காரரின் கையிலிருந்து நல்லெண்ணெய்ப் போத்தல் நழுவி விழுந்து உடைந்தது. கடை முழுக்க எள் மணம். எல்லோரும் கண்ணாடித் துண்டுகளுக்குப் பயந்து ஒதுங்கினார்கள். எனக்கோ நீங்கள்தான் கண்ணுக்குள் வந்தீர்கள். ஸ்பெயினில் ஏதோ ஒரு யாத்திரிகர் விடுதி, கட்டில் விளிம்பில் இருந்து பாதங்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறீர்கள். "பூசு பிள்ளை, சப்பாத்து கடியாது." பக்கத்துக் கட்டில்காரி மூக்கைச் சுளிப்பாள். நீங்கள் அவளுக்கும் போத்தலை நீட்டுவீர்கள்.

ஒரே ஹோட்டலில் அறைகள் துப்புரவு செய்தவர்கள் நாம். நீங்கள் முதலில் பிரான்சுக்கு வந்துவிட்டு, கணவரைக் கூப்பிட விசா அலுவல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர் தாயோடு வன்னியில் இருந்தார். பிறகு 2009இன் கடைசிப் போர் வந்தது. அதற்குப் பின் அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கண்டவரும் இல்லை, செத்தாரென்று சொன்னவரும் இல்லை. நீங்கள் பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. அவர் திரும்பிவர வேண்டுமென்று கதிர்காமத்துக்கு நடப்பதாக நேர்த்தி வைத்தீர்கள். ஆனால் எங்களுடைய அகதிப் பயணப் பத்திரத்தில் எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் முடியாது.

அந்த நாட்களில்தான் ஹோட்டலில் தங்கிய கிழவர் ஒருவர், பையில் யாத்திரிகர் சிப்பி தொங்க, ஸ்பெயினில் உள்ள சாந்தியாகோ கோயிலுக்கு நடக்கப் போவதாகச் சொன்னார். அன்று மாலை லா ஷப்பேல் மெத்ரோப் படியில் நின்று சொன்னீர்கள்: "ஊருக்கு விடாயினம். அப்ப இஞ்சை நடப்பம். நடந்து வாறவளை எந்தச் சாமி துரத்தும்?" உங்களைத் தனியே விட மனமில்லாமல் நானும் விடுமுறை எடுத்தேன்.

வழி முழுக்க நீங்கள்தான் முன்னே. நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவேன். அதனால்தான் புர்கோஸ் நகரத்துக்குள் நுழைந்ததும், "நாளைக்கு நடக்க வேண்டாம், இஞ்சையே நிப்பம்" என்று நீங்கள் சொன்னபோது உங்கள் முகத்தை உற்றுப் பார்த்தேன். ஓய்வு கேட்கிற ஆள் நீங்கள் அல்ல.

மறுநாள் வெயில் இருந்தும் குளிர்காற்று அடித்தது. பெரிய கோயிலுக்குள் போனோம். அங்கே சுவரின் உச்சியில் ஒரு மணிக்கூட்டுப் பொம்மை. மணி அடிக்கும்போது அது வாயைத் திறந்து திறந்து மூடும். கீழே நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

"வாயைத் திறக்குது, ஒண்டும் சொல்லுதில்லை" என்றீர்கள்.

அப்போது உங்கள் பைக்குள் கைத்தொலைபேசி அதிரத் தொடங்கியது. எடுத்துப் பார்த்தீர்கள். நம்பர் காட்டாத கோல். திரும்பவும் பைக்குள் போட்டீர்கள்.

"ஆர் அக்கா?"

"வேலையிடமாயிருக்கும்."

வேலையிடத்துக் கோல் என்றால் நம்பர் விழும் என்று எனக்குத் தெரியும். வெளியே வந்தோம், மீண்டும் அதிர்ந்தது. சாப்பிட இருந்தோம், மீண்டும். சூப்பைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தீர்கள், வாயில் வைக்கவில்லை. மேசைமேல் வைத்த தொலைபேசியின் அதிர்வில் கண்ணாடிக் குவளைகள் மெல்லக் கிணுகிணுத்தன.

பின்னேரம் ஆற்றங்கரை நடைபாதைக்குப் போனோம். அங்குள்ள மரங்களை வெட்டி வளர்த்து, கிளையோடு கிளை ஒட்டிப்போக விட்டிருக்கிறார்கள். ஒரு மரம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நீங்கள் நெடுநேரம் அண்ணாந்து பார்த்தீர்கள். "இதிலை ஒண்டு பட்டுப்போனாலும் வெளியிலை தெரியாது, என்ன?" என்றீர்கள். மீண்டும் கோல் வந்தது. இந்தமுறை எடுத்தீர்கள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "வுய்... வுய்... தக்கோர்" என்று பிரெஞ்சில் ஓம், சரி மட்டும் சொன்னீர்கள்.

"ஆஸ்பத்திரி" என்றீர்கள் திரும்பி. "வெளிக்கிட முதல் ஸ்கானர் எடுத்தனான். மறுமொழி கேளாமல் வந்திட்டன். உடனை வரட்டாம்."

"ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நடக்க விட்டிருப்பியோ?"

திரும்பிப் போவோம் என்று உங்களோடு சண்டை பிடிக்க ஆயத்தமானேன். அதற்குத் தேவையே வரவில்லை. "பாரிசுக்கு நாளைக்கு பஸ் இருக்கோ எண்டு கேள்" என்றீர்கள். யார் சொல்லையும் கேளாத நீங்கள் அவ்வளவு லேசாக இணங்கியதுதான், அந்த நாள் முழுவதிலும் என்னை அதிகம் பயமுறுத்தியது.

பஸ் நாம் நடந்து வந்த திசைக்கே திரும்பி ஓடியது. வீதியோரப் பாதையில் யாத்திரிகர்கள் பைகளோடு எதிரே நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரையும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். அவர்கள் கண்ணுக்கு மறைந்தபின் என் கையைப் பிடித்தீர்கள்.

"அவர் வந்து கேட்டால், பாதி வழி நடந்தவள் எண்டு சொல்லு. மிச்சத்தை அவரை நடக்கச் சொல்லு."

அந்த மாரிக் குளிர் முடியுமுன் நீங்கள் போய்விட்டீர்கள். பெட்டிக்குள் உங்களைக் கிடத்தியபோது, வந்திருந்தவர்களில் ஒருத்தி என் காதில் கேட்டாள்: "சுமங்கலியோ, இல்லையோ? எப்பிடி அனுப்புறது?" குங்குமத்தை எடுத்து நானே உங்கள் நெற்றியில் வைத்தேன்.

லா ஷப்பேலில் உங்கள் கணவரின் வயது ஆண்கள் யாராவது என்னிடம் வழி கேட்டால் இப்போதும் ஒரு கணம் முகத்தைப் பார்க்கிறேன். பிறகு வழியைச் சொல்லி அனுப்புகிறேன். நீங்கள் தந்த சொல் மட்டும் யாரிடமும் சேராமல் என்னிடமே நிற்கிறது. போன கிழமை எனக்கும் ஒரு ஸ்கானர் எழுதித் தந்திருக்கிறார்கள். அதை என் மகளிடம் சொல்லிவிட்டேன். உங்கள் சொல்லையும் அவளிடம் கொடுத்து வைக்க வேண்டுமா என்று யோசிக்கிறேன், அக்கா. வாய்வரை வருகிறது. ஆனால் கொடுத்த பிறகு, அவருக்காகக் காத்திருக்க நான் தேவையில்லை என்று ஆகிவிடுமே என்று நிறுத்திக்கொள்கிறேன்.