வைஃபை பெட்டிக்கு வந்த மெசேஜ்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

நம்பர் அப்பாவுடையதுதான், ஆனால் எழுதுவது நான். நீளமாக இருப்பதால் துண்டு துண்டாக வரும். சேர்த்துப் படி.

என் படிப்புக்காக வாங்கிய வைஃபை பெட்டியில் இப்போது அப்பாவின் சிம் இருக்கிறது. ரீசார்ஜ் வீணாகக் கூடாது என்று சித்தப்பா போட்டுவிட்டார். அதில் நீ கூப்பிட்டாலும் மணி அடிக்காது. மெசேஜ் வரும் என்பதும் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் உன் பழைய நம்பருக்கே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

இன்று நெட் ஏன் மெதுவாக வருகிறது என்று பார்க்க போனில் அந்தப் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன். உன் மெசேஜ்கள் யாரும் படிக்காமல் வரிசையாகக் கிடந்தன. "இன்னும் கோவமாப்பா?" "வீரபாண்டித் திருவிழாவுக்கு வரவா?" "ஒரு வார்த்தை போடுங்கப்பா."

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அழுது ஓய்ந்ததும், "ஆத்தா, உங்கப்பா போட்ட மாதிரி 'வாடா'ன்னு போடு. பிள்ளை சந்தோசமா பஸ் ஏறட்டும். மத்தத இங்கன வந்து தெரிஞ்சுக்கிடட்டும்" என்றாள்.

அந்த வார்த்தையை அடித்தேன். அனுப்ப முடியவில்லை. கம்பம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே யாராவது உன்னிடம், "ஏலே, இப்பத்தான் வாரியா?" என்று கேட்டுவிடுவார்கள். அழித்துவிட்டேன்.

அண்ணா, கொள்ளி வைக்கச் சித்தப்பா மகன்தான் நின்றான்.

அப்பாவின் கோபம் தீர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. உன்னைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. ஆனால் உன் மெசேஜைப் பார்த்தும் அவர் பதில் போடவில்லை என்று மட்டும் நினைக்காதே. காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் உன் முதல் மெசேஜே வந்திருக்கிறது.

நீ வா.

உன் தங்கை