ஜாக்கோவின் சாவை நான் வாசிக்கவில்லை

கிராண்ட் பே
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து

அன்பு மகன் கெர்வினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், நலம் என்றால் முழங்கால் வலியும் பிரஷரும் போன மாதம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. டொரன்டோ குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் நலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் நோயாளியோடு சண்டை போட எனக்கு மனம் வராது, இந்தக் கடிதமோ சண்டை போடுவதற்காகவே எழுதுவது. நீ போன் அடித்துக்கொண்டே இருக்கிறாய், நான் எடுப்பதில்லை, அம்மாவுக்கு என்ன கோபம் என்று உன் சித்தியிடம் கேட்டாயாம். எடுத்துப் பேசினால் அதையும் பிடித்து வைத்துக்கொள்வாயோ என்ற பயம்தான். பெற்ற பிள்ளையிடம் வாய் திறக்க ஒரு தாய் பயப்படுகிறாள், அந்த வரியை இன்னொரு முறை படி. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது என்னை உட்கார வைத்து உன் போனில் வாசிக்கச் சொன்னாயே, பைபிளில் சங்கீதம், ஊர்ப் பெயர்கள், பழைய செய்தித்தாள் ஒன்று முழுக்க. பேரப்பிள்ளைகள் பாட்டி குரலைக் கேட்டு வளரட்டும் என்றாய். நானும் பைத்தியக்காரி மாதிரி சர்ச்சுக்குப் போகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்தேன். கடைசியில் திரையில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னாய், போட்டேன், மகன் நீட்டுகிற இடத்தில் எந்தத் தாய் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவாள். கார்னிவல் முடிந்ததும், இத்தனை வருஷம் நான் சாவு அறிவிப்பு வாசித்த ரேடியோவை வெளித்தீவுக்காரர்கள் வாங்கினார்கள், என்னையும் டெக்னீஷியன் க்ளெம்மையும் கேக் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வாரம் நான் சமையலறையில் சேம்பு உரித்துக்கொண்டிருக்கிறேன், மாலை சாவு அறிவிப்பு நேரம், ரேடியோவில் நான் பேசுகிறேன். உன்னிடம் கேட்டதற்கு, இனிமேல் மழையில் பஸ் ஏறி ரோசோ டவுன் வரைக்கும் போக வேண்டாம், உங்கள் குரல் உங்களுக்காக வேலை செய்கிறது, நீங்கள் ரெஸ்ட் எடுங்கள் என்று சொன்னாய். எனக்காகவா வேலை செய்கிறது? காலையில் அது கோழிக்கால் தள்ளுபடி விற்கிறது, மத்தியானம் ஊரைக் கடன் வாங்கச் சொல்கிறது, சாயங்காலம் செத்தவர்களை வாசிக்கிறது, மூன்றையும் ஒரே துக்கத்தோடு. மனுஷர் குரலை மெஷினில் போட்டு விற்கிற உன் கம்பெனிக்கு வெட்கம் என்று ஒன்று கிடையாதா, உனக்காவது இருக்க வேண்டாமா.

இனி ஜாக்கோ விஷயம், கவனமாகக் கேள். நம் மலைக்காட்டு ஜாக்கோ கிளி மாதிரி வாய் ஓயாதவன் என்று ஊரே வைத்த பெயர், சங்கு ஊதி மீன் விற்பானே, யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து கடைசி ரம் பாட்டில் காலியாகும் வரை பாடிக்கொண்டிருப்பானே, அவன்தான். ரம்முக்குத்தான் வருவான் என்று நாம் சிரிப்போம், ஆனால் அவன் வராத சாவு வீடு இந்த ஊரில் இல்லை. அவன் ரோசோ ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். ஆன்டிகுவாவில் இருக்கிற மகள் மார்வ்லின் அங்கிருந்தே ரேடியோவுக்கு அறிவிப்புக் கொடுத்தாள். இப்போதெல்லாம் போனில்தான் கொடுக்க வேண்டும், பெயர், வயது, எந்தச் சர்ச், எத்தனை மணிக்கு அடக்கம், அவ்வளவுதான் அந்த மெஷின் கேட்கிறதாம். நான் இருந்திருந்தால் முதல் வேலையாக அவளைக் கூப்பிட்டு, ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டிருப்பேன், அதைக் கேட்காமல் ஒரு சாவைக்கூட நான் வாசித்ததில்லை. கிராண்ட் பே ஹில்லரி பெர்னார்ட் ஃபோன்டேன் காலமானார் என்று என் குரல் சொன்னது, சர்ச் புத்தகத்தில் மட்டும் இருக்கிற அவன் பெயர் அது, ஊரில் யாருக்குத் தெரியும். இங்கே இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு ஃபோன்டேன், இது வேறு யாரோ ஃபோன்டேன் என்று ஒவ்வொரு வீடும் நினைத்துக்கொண்டது, நானும்தான் நினைத்தேன். ஜாக்கோ மகளோடு இருக்க ஆன்டிகுவா போயிருக்கிறான் என்றே எல்லோரும் பேசிக்கொண்டோம். அடக்கத்துக்கு மார்வ்லின், ஃபாதர், கோயில் மணி அடிக்கிறவன், வேறு ஒருவரும் இல்லை. பெட்டியைத் தூக்க ஆள் போதாமல் வண்டி ஓட்டி வந்தவன் தோள் கொடுத்தானாம்.

கல்லறையிலிருந்து அந்தப் பெண் நேராக நம் வீட்டுக்கு வந்தாள், செருப்பில் மண் கூடக் காயவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நீங்கதானே வாசிச்சீங்க மிஸ் எட்வினா, என் காதால கேட்டேன். ஜாக்கோன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வலிச்சுதா?" என்று கேட்டாள். நான் வாசிக்கவில்லை, நான் வேலையை விட்டே மாசக்கணக்காச்சு என்றேன். "அப்ப அது யாரு?" என்றாள். கெர்வின், அந்தக் கேள்விக்கு என் மகன் என்றா சொல்வது? அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து வெளியே தலை காட்ட முடியவில்லை. க்ளோட்டில் கடையில் உப்புக்கருவாடு கேட்டேன், அத்தனை பேர் முன்னால் அவள், "வாயைத்தான் வித்தாச்சே, இன்னும் எதுக்கு அதைத் திறக்குற, கையைக் காட்டு போதும்" என்றாள். உன் ஞானத்தாய் அவள், வேறு யாரோ இல்லை.

ரேடியோ ஆபீசுக்கும் போனேன். முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, குரல் எங்களுடையது இல்லை, டொரன்டோ கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்திருக்கிறோம், உங்கள் மகனையே கேளுங்கள் என்றாள். சித்தி மூலமாக உன்னைக் கேட்டதற்கு நீ அனுப்பிய பதிலை அவள் குவாதலூப்பிலிருந்து போனில் படித்துக் காட்டினாள், அறிவிப்புப் படிவத்தில் செல்லப் பெயருக்கு ஒரு கட்டம் சேர்த்துவிட்டார்களாம், இனிப் பிரச்சினை வராதாம். நல்ல பதில், இதைக் கொண்டுபோய் ஜாக்கோவின் குழி மேல் நட்டு வை.

இந்த வாரம் அவனுக்காக ஒரு பூசைக்குச் சொல்லி வைத்தேன். ரேடியோவில் கொடுக்கவில்லை, மேல் தெருவிலிருந்து கடற்கரை வரை ஒவ்வொரு வாசலாக நின்று என் சொந்த வாயால் சொல்லிக்கொண்டு போனேன், ஜாக்கோ செத்துப்போனான், ஞாயிற்றுக்கிழமை பூசை, எல்லோரும் வாருங்கள் என்று. ஒரு வீட்டில் சின்னப் பெண் உள்ளே ஓடிப்போய், "அம்மா, ரேடியோ நம்ம வாசல்ல வந்து நிக்குது" என்றாள். அவள் அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, காசு கேட்டு வந்திருக்கிறேனோ என்கிற மாதிரி கதவைப் பாதி சாத்தினாள். நான் பேசினால் ஒன்று யாரோ செத்திருக்க வேண்டும், இல்லை கோழிக்கால் விலை குறைந்திருக்க வேண்டும், ஊர்க்காரர்களுக்கு இப்போது அவ்வளவுதான். இன்று காலை கோயில் நிறைந்துவிட்டது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். பூசை முடிந்து எல்லோரும் மார்வ்லினிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்கள், அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

இப்போது ஒரே ஒரு விஷயம், மழுப்பாமல் செய். உன் கம்பெனியில் போய் நின்று என் குரலை எடுக்கச் சொல். வேலை போய்விடும் என்றால் போகட்டும், எனக்குப் போகவில்லையா. எடுக்கும் வரை நீ எனக்கு மகன் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, ஆனால் ஒன்று செய்திருக்கிறேன். நாளைக்கு நான் செத்தால் அறிவிப்பில் யார் யார் பெயர் வர வேண்டும் என்று ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். குவாதலூப்பில் இருக்கிற தங்கை, ஜெபக்கூட்டத்துப் பெண்கள், அவ்வளவுதான், உன் பெயரைச் சொல்லவில்லை. சாவு அறிவிப்பில் பெயர் விட்டுப்போன பிள்ளையைப் பற்றி இந்த ஊர் என்ன பேசும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ கெட்டிக்காரன், அந்தப் படிவத்தில் ஏதாவது ஒரு கட்டத்தில் உன் பெயரைப் போட்டால் போதும், அந்த மெஷினும் தயங்காமல் சொல்லும், அன்பு மகன் கெர்வின் என்று, அப்படியே என் குரலில். அங்கே நீ தினமும் சாயங்காலம் போனில் நம் ரேடியோவைக் கேட்கிறாய் அல்லவா, அதையும் கேட்பாய். ஊர் முழுக்க நம்பும், ஆனால் சொன்னது அம்மா இல்லை என்று உனக்குத் தெரியும்.

கடவுளும் நம் மாதாவும் உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும், கோபத்தோடுதான் கேட்கிறேன், ஆனாலும் கேட்கிறேன். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. பதில் எழுது, போன் பண்ணாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
எட்வினா துசேன்