பெயர்ப்பலகை வைக்காத உன் கம்பெனி

நண்பா,

நேற்று குளுவாங் டவுனில் அந்த அலங்கார மீன் கடையைத் தாண்டி நடந்தேன். மீன் தீனியும் பாசித் தண்ணீரும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் கால் தானாக உன் ஆபீஸ் மாடிப்படிப் பக்கம் திரும்பிவிட்டது. நீ போய்ச் சேர்ந்த செய்தியை என் மூக்குக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மூன்றாம் படிவத்தோடு போதும் என்று நான் லோரி ஓட்டப் போனேன். (போதும் என்று சொன்னது நானல்ல, பள்ளிக்கூடம்.) நீ மேலே படித்து, எங்கெங்கோ வேலை பார்த்து, திரும்பி வந்து அந்த மாடியில் நாலைந்து பேரோடு உட்கார்ந்தாய். வெளியே ஒரு பெயர்ப்பலகைகூடக் கிடையாது. என்ன தொழில் என்றால், "லோரி நிறுக்க சாப்ட்வேர் செய்யறேன்டா" என்பாய். திருட்டு சிடி விற்கிறாய் என்றுதான் வெகு காலம் என் சந்தேகம். அந்த இரக்கத்தில் உன் தேநீருக்கும் நானே காசு கொடுப்பேன். ஒரு நாளாவது மறுத்தாயா, பாவி?

பிறகு என் மகள் கணினி படித்து முடித்தாள். சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அன்றே எங்கள் குடியிருப்பு, அந்தத் தாமான் முழுக்கச் சொல்லிவிட்டேன். கோயில் ஒலிபெருக்கி கையில் கிடைத்திருந்தால் அதிலும் சொல்லியிருப்பேன். அவளோ உன் கம்பெனியில்தான் சேருவேன் என்று நின்றாள். லோரியை இரண்டு கடைகளுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு உன்னோடு சண்டை போட மாடியேறினேன்.

"என் பிள்ளை வாழ்க்கைடா இது! மீன் கடை மாடியில உக்காரவா படிக்க வெச்சேன்?"

"நீ முதல்ல உக்காரு லா. தண்ணி குடி."

அதற்குள் தொலைபேசி அடித்தது. சபா மாநிலத்திலிருந்து ஒரு செம்பனை எண்ணெய் மில். மலாயில் பேசிவிட்டு வைத்தாய். உடனே இன்னொன்று, இந்தோனேசியாவில் ஏதோ காட்டுக்குள்ளிருந்து. நான் செம்பனைப் பழக்குலை ஏற்றிப் போகும் காஹாங் மில்லிலும் பொந்தியான் மில்லிலும் லோரி ஏறி நிற்கும் எடைமேடைக்குப் பின்னால் ஓடுவது உன் மென்பொருள்தான் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"வருசத்துக்கு எவ்வளவுடா வருது?" என்றேன். சொன்னாய்.

"அலமாக்! அவ்வளவு வியாபாரமா?"

"வியாபாரம் இல்லடா. சம்பளம், வாடகை எல்லாம் போக மிச்சம்."

அப்போதுதான் தண்ணீரைக் குடித்தேன். உன் கிளாஸில் இருந்ததையும் குடித்தேன்.

"ஒரு போர்டாவது வைக்கலாமேடா?"

"மில்லு எல்லாம் காட்டுக்குள்ள இருக்கு. இங்க எவன் வந்து பாக்கப்போறான்? வீட்டுக்காரன் பாத்து வாடகைய ஏத்துவான்."

"பெரிய கம்பெனிக்காரங்க ஏன் இத செய்யல?"

"அவங்களுக்கு இது சில்லறை. மில்லுக்காரனுக்கு அப்படி இல்ல. வெட்டின குலை காத்திருக்காது. எடைமேடை நின்னா லோரி ரோடு வரைக்கும் நிக்கும். ஒழுங்கா ஓடுறத எவனும் மாத்த மாட்டான்."

கீழே வந்தால் லோரிக்குச் சம்மன் எழுதியிருந்தார்கள். அதுகூட உறைக்கவில்லை.

மகள் உன்னிடம் சேர்ந்தாள். எடை போடும்போது உன் மென்பொருள் திரையில் ஒரு கேள்வி வரும்: லோரிக்குள் ஆள் இருக்கிறாரா? மில் குமாஸ்தா ஒவ்வொரு லோரியையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். வீண் தாமதம் என்று என் மகள் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டாள். சில வாரங்களில் பொந்தியான் மில் மேனேஜர் கொதித்தார். எடை போட்ட பழத்துக்கும் பிழிந்த எண்ணெய்க்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை, உன் மென்பொருளே வேண்டாம் என்றார். ஒரு மில் போனால் அடுத்த மில்லும் யோசிக்கும். மகள் அழுதுகொண்டே வேலையை விடுகிறேன் என்றாள். சிங்கப்பூர் வேலையும் எப்போதோ கைவிட்டுப் போயிருந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வரலாற்றிலேயே அது முதல் தடவை.

நீ அவளைத் திட்டவில்லை. என்னைக் கூப்பிட்டாய். "நாளைக்குப் பொண்ண லோரியில ஏத்திக்க. உன்கூட ஏத்தி இறக்க வர்ற கெலிண்டானுக்கு லீவு குடு." உன்னிடம் புதிதாகச் சேருகிற யாரும் ஒரு நாள் இப்படி லோரி உதவியாளாகப் போய் வந்த பிறகுதான் கணினியைத் தொடலாம். லோரிக்காரன் பிள்ளைக்கு எதற்கு என்று அவளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தாய்.

குலையோடு எடைமேடை ஏறியபோது அவள் என் பக்கத்தில் இருந்தாள். பழத்தைக் கொட்டியதும், "இறங்கி ஒரு தே தண்ணி குடிச்சிட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டு வெறும் லோரியை மறுபடி எடைமேடையில் ஏற்றினேன். வந்தவள் எடைச் சீட்டை வாங்கி, முதல் எடையிலிருந்து இரண்டாவதைக் கழித்துப் பார்த்தாள்.

"அப்பா! போகும்போது உள்ள இருந்தேன், வரும்போது இல்ல. என்னையும் பழம்னு நிறுத்துட்டாங்க!"

"நீ ஒல்லி. என் கெலிண்டான பாத்திருக்கியா? அவன் அஞ்சாறு குலைக்குச் சமம்."

ஓடிப்போய்க் குமாஸ்தாவிடம் சொல்லித் தன் எடையைக் கழிக்க வைத்தாள். அன்று மாலையே கேள்வியைத் திரும்ப வைத்தாள். மறுநாள் பொந்தியானில் நீ வாயைத் திறக்காமல் அவளையே பேசவிட்டாய்.

"நான்தான் எடுத்தேன் சார். நேத்து நானே பழமாப் போய் நின்னேன்."

மேனேஜர் சிரித்துவிட்டாராம். மில் போகவில்லை. திரும்பும் வழியில் நீ அவளிடம், "தப்பு என்னுதும்மா. உங்கப்பன் மண்டையில இருக்கிறது உன் மண்டையிலயும் இருக்கும்னு நெனச்சிட்டேன்" என்றாயாம். என் மண்டையையும் கணக்கில் சேர்த்த ஒரே ஆள் நீதான்.

கடைசியில் கம்பெனியை அங்கே வேலை செய்தவர்களுக்கே கொடுத்துவிட்டுப் போனாய். இப்போது உன் நாற்காலியில் என் மகள் இருக்கிறாள். நான் வரைபடத்தில் தேடியும் கிடைக்காத ஊர்களிலிருந்தெல்லாம் கூப்பிடுகிறார்கள். கேட்கும்போது எனக்குப் புல்லரிக்கிறது.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், "பொண்ணு இன்னும் அந்த மீன் கடை மாடியிலதானா?"

"ஆமாங்க."

"கவலப்படாதீங்க. சிங்கப்பூர்ல எனக்கு ஆள் இருக்கு, சொல்லிப் பாக்கறேன்."

நாக்கு துடித்தது. தாமானுக்கே வானொலியாக இருந்தவன் நான். ஆனாலும், "சரிங்க, பாருங்க" என்று மட்டும் சொல்லி உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். இவ்வளவு பெரிய ஒன்றை வெளியே தெரியாமல் வைத்துக்கொள்வதில் இத்தனை சுகமா? இத்தனை வருடம் இதை நீ தனியாகவே அனுபவித்திருக்கிறாயேடா!