தகப்பன்சாமியும் சோற்றுப் பசையும்

என்னைப் பெற்ற ஐயாவுக்கு,

வெள்ளவத்தை வாழ் பெருமக்கள் சகலருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருவது யாதெனில், நம் வீட்டு அலுமாரிக்குப் பின்னால், இனந்தெரியாத கரப்பான் பூச்சி ஒன்றினால் 'கியூ' என்னும் ஆங்கில எழுத்து முழுமையாகத் தின்னப்பட்டுள்ளது. எஞ்சிய இருபத்தைந்து எழுத்துகளும் நலம்.

நேற்றுப் பின்னேரம் அம்மா விளக்குமாற்றால் இழுத்தபோது எழுத்துகள் ஒட்டிய அந்த அட்டை வெளியே வந்தது. உங்கள் சப்பாத்துப் பெட்டியின் மூடி. தூசியைத் தட்டி மூக்கருகே பிடித்தேன். புளித்த சோற்றுப் பசையின் வாசம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் காலமாகிப் போய் ஒரு வருடம் ஆகிறது. அது போகவில்லை.

கோட்டையில் ஒரு கப்பல் கந்தோரில் இருபது வருடம் கடிதங்களைக் கையாலேயே பிரதி எழுதிய கிளாக்கர் நீங்கள். அங்கே டைப்ரைட்டர் மெஷின்கள் வந்து இறங்கிய கிழமை, உங்கள் கையெழுத்துக்குத் தலையெழுத்துச் சரியில்லாமல் போனது. மூன்று மாதத்தில் தட்டப் பழகிச் சோதனையில் தேறினால் வேலை, இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று துரை சொல்லிவிட்டார். உங்களுக்கு வயது நாற்பத்தெட்டு. எனக்குப் பதினைந்து.

வீட்டில் மெஷினுக்கு எங்கே போவது? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கந்தோர் மெஷினைப் பார்த்து எழுத்துகளின் ஒழுங்கைக் கடதாசியில் குறித்து வந்தீர்கள். பழைய இங்கிலீசுப் பேப்பர்த் தலைப்புகளில் இருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக வெட்டி, சோற்றைப் பிசைந்து, மூடியில் வரிசையாக ஒட்டினீர்கள். அதுதான் உங்கள் மெஷின். சத்தமும் இல்லை, மையும் இல்லை.

காலையில் நான் பள்ளிக்கூடத்துக்கும் நீங்கள் கந்தோருக்கும் ஒரே ரயில் கோச்சியில்தான் போவோம். மடியில் அட்டையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பத்து விரலாலும் தட்டுவீர்கள். நான் உங்களைத் தெரியாதவன் போலக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் எதிரே இருந்த சிங்களப் பெரியவர், "மஹத்தயா, ஹார்மோனியம் பழகுறதா?" என்று கேட்டார்.

"ஓம். சுருதிதான் இன்னும் சேரமாட்டன் எண்டுது" என்றீர்கள், கண்ணைத் திறக்காமலே.

அம்மாவுக்கும் பொறுக்கவில்லை. "இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது. இந்த வயசில ஏன் இந்தப் பாடு?"

"படிப்புக்கு என்னப்பா வயசு? அதென்ன கலியாணமோ?"

சோதனை நாளன்று திருநீறு பூசிக்கொண்டு போனீர்கள். திரும்பி வந்து சேர்ட்டைக்கூடக் கழற்றாமல் அட்டையை எடுத்துப் பார்த்தபடி இருந்தீர்கள். தட்டிக் கொடுத்த கடிதம் முழுவதும், 'எம்' எழுத்து வரவேண்டிய இடமெல்லாம் 'என்', 'என்' வரவேண்டிய இடமெல்லாம் 'எம்'. துரை சிவப்பு மையால் வட்டம் போட்டுக் களைத்துப்போனாராம்.

"பாத்துப் பாத்துத்தான் எழுதினனான். ஒட்டேக்கை ரெண்டையும் மாத்திப்போட்டன் போல" என்றீர்கள். "வயசு போகுது மோனே. மூளை ஆட்டம் காணுது."

"அப்ப வேலை?" என்று அம்மா கேட்டார்.

"துரையிட்டை இன்னும் ஒரு கிழமை கேட்டிருக்கிறன்."

"கேக்க வெக்கமா இருக்கேல்லையோ?"

"தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லிக் கேக்கிறதுக்கு என்ன வெக்கம்?"

அந்த இரண்டு துண்டுகளையும் தண்ணீர் தொட்டு உரித்து, இடம் மாற்றி ஒட்டினீர்கள். விரல்கள்தான் மாற மறுத்தன. மூன்று மாதப் பழக்கம். "படிக்கிறது லேசு. பிழையாப் படிச்சதை மறக்கிறதுதான் வில்லங்கம்" என்று கையை உதறுவீர்கள். அந்தக் கிழமை ஏழு நாளும் நான் கடற்கரைப் பக்கம் பந்தடிக்கப் போகவில்லை. உங்கள் பக்கத்தில் குந்தி, சொல்லுச் சொல்லாகச் சொல்லி, விரல் தவறும்போதெல்லாம் "பிழை!" என்று கத்தினேன். எட்டாம் நாள் தேறினீர்கள்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியுமா? காலி வீதியில் அகப்பட்டவர்களிடமெல்லாம், அப்பனுக்கே பாடம் சொன்ன முருகனுக்குப் பிறகு நான்தான் என்று அளந்தேன். பெடியள் 'தகப்பன்சாமி' என்றே கூப்பிட்டார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டு, "ஓம், என்ரை வாத்தியார்" என்றீர்கள்.

நீங்கள் அதோடு நிற்கவில்லை. கடைப் பலகைகளைப் பார்த்துச் சிங்களம் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகினீர்கள். ஐம்பதாவது வயதில் சைக்கிள் பழகி முழங்காலைத் தேய்த்துக்கொண்டீர்கள். ஆனால் எதில் சின்னப் பிழை வந்தாலும் நெற்றியைத் தட்டி, "வயசு போன மூளை" என்பீர்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. அதன் காரணத்தை இன்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் மாற்றி ஒட்டவில்லை, ஐயா. நீங்கள் ஒட்டிவிட்டுக் கை கழுவப் போனபோது, பசை ஈரமாக இருக்கையில், அந்த இரண்டையும் மாற்றி வைத்தவன் நான். பின்னேரமே சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தேன். பந்தடிக்கப் போய் மறந்துவிட்டேன். சோதனையன்று நினைவு வந்தபோது வாயைத் திறந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். உங்கள் மூளை கடைசி நாள்வரை ஆடவேயில்லை. அதை உங்களுக்குச் சொல்லாமலே உங்களை அனுப்பிவிட்டேன்.

இன்னும் ஒன்று. போன மாதம் காலி வீதியில் டைப்பிங் வகுப்பில் சேர்ந்தேன். நான் குருவுக்கே குரு என்று முதல்நாளே அறிவித்திருந்தேன். முந்தாநாள் சோதனை. மாஸ்டர் என் தாளைத் தூக்கிப் பிடித்து, "தகப்பனுக்குப் பழக்கினனான் எண்டாய்? இதைப் பாத்தால் கோழி கிளறின மாதிரியெல்லோ கிடக்கு!" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு யாரும் எதையும் மாற்றி ஒட்டவில்லை. எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

"மாஸ்டர், இன்னும் ஒரு கிழமை தாங்கோ" என்று கேட்டேன். கேட்க வெட்கமாக இருக்கவில்லை.

கியூவுக்கு ஒரு துண்டு வெட்டி வைத்திருக்கிறேன். பசைக்கு அம்மாவிடம் ஒரு பிடி சோறு கேட்டிருக்கிறேன். இந்த முறை சரியான இடத்தில்தான் ஒட்டுவேன், ஐயா.