செவ்வாயில் தொலைந்தவளுக்கு வந்த கடிதங்கள்

நாள் 231. காலை 07:10

வெளி வெப்பம் மைனஸ் 63. உள்ளே 19. மின்சாரம் 82 விழுக்காடு. குடிநீர் 340 லிட்டர். காற்று இயந்திரம் சீர். வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை, குளிரில் கருகி வெட்டியவை. மருத்துவ இயந்திரம் நேற்று கட்டு மாற்றியது. வலி: பூஜ்யம்.

இந்தக் குறிப்பு யார் கையில் கிடைக்கும் என்று தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். என் பெயர் ஜெசிந்தா மச்சாது. வயது 44. ஊர் தூத்துக்குடி. பாறை ஆய்வாளர். செவ்வாயின் கிழக்கு ஆய்வகத்தில் இருக்கிறேன். பெரிய குடியிருப்பு இங்கிருந்து 1,400 கிலோமீட்டர். இங்கே நாங்கள் இரண்டு பேர். நானும் பொறியாளர் செண்பகராஜும். இப்போது நான் மட்டும்.

நாள் 215 அன்று பள்ளத்தாக்குக்கு மாதிரி எடுக்கப் போனேன். புழுதிப் புயல் வந்தது. வண்டி சரிவில் உருண்டது. ஐந்து மணி நேரம் நடந்து, பழைய சரக்குக் கலம் ஒன்றைக் கண்டுபிடித்து உள்ளே புகுந்தேன். அதில் காற்றும் கொஞ்சம் உணவும் இருந்தன. ஒன்பதாம் நாள் புயல் அடங்கியது. நான் விரித்து வைத்திருந்த வெள்ளித் துணியைச் செயற்கைக்கோள் பார்த்தது. ஆளில்லா ஊர்தி வந்து என்னைத் தூக்கி வந்து இங்கே இறக்கியது. என்னைத் தேடி நான்காம் நாள் நடந்தே கிளம்பிய செண்பகராஜ், பள்ளத்தாக்கின் வாசலில் இறந்து கிடக்கிறார். மாற்றுக் குழு நாள் 280-இல் வரும். அதுவரை உடலை எடுக்க முடியாது.

பூமியிலிருந்து கடிதங்களின் முதல் கட்டு இன்று வந்தது. 41,206.

நாள் 233. பகல் 12:40

மின்சாரம் 80. மற்றவை மாற்றமில்லை.

என் கதையைத் தலைமையகம் உலகத்துக்குச் சொல்லிவிட்டது. எனக்கு வைத்த பெயர் 'அதிசயப் பெண்'. கடிதங்களில் ஒரு நூறு படித்தேன். சிலவற்றை இங்கே பதிகிறேன்.

"நேத்து வேலைய விட்டுடலாம்னு இருந்தேன். உங்க கதையப் படிச்சிட்டு விடல."

"ஒன்பது நாள் உப்பில்லாத கஞ்சியா? எங்க ஹாஸ்டல்ல மூணு வருஷமா அதான் மேடம்."

"எங்கள் நிறுவனத்தின் புதிய சேலை வண்ணத்துக்கு ஜெசிந்தா சிவப்பு எனப் பெயரிட அனுமதி வேண்டுகிறோம்."

"மலையில நாலு நாள் வழி தவறிக் கெடந்தவன் நான். நீங்க துணிய விரிச்ச எடம் சரி, விரிச்ச நேரம் தப்பு."

"கூட இருந்தவர் பேர் என்ன? எந்தச் செய்தியிலும் இல்லையே."

நூறில் ஒருவர்தான் அதைக் கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். பெயரை மட்டும் எழுதி அனுப்பினேன்.

படிக்கும்போது ஏதாவது தோன்றுகிறதா என்று கவனித்தேன். ஒன்றும் இல்லை. வேறொரு பெண்ணைப் பற்றிய செய்தி போலிருந்தது.

நாள் 236. காலை 09:15

அம்மாவின் குரல் வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"ஏளா ஜெசி, சாப்ட்டியா? தெரு முனையில ஒன் படத்தப் பெருசாப் போட்டு பேனர் வச்சிருக்காவ. கோயில்ல ஒனக்காவ பூசை வச்சாச்சு. வாரவ போறவ எல்லாம் என் கையப் புடிச்சிக்கிட்டு அழுவுதாவ. எனக்கு அழுவ வரலளா. ஒன்கூட அங்க இருந்த அந்தத் தம்பி பொண்டாட்டி கோவில்பட்டியிலேர்ந்து வந்திருந்தா. ஒரு வாய் தண்ணி குடிச்சா. நம்ம வாசல்ல இருந்த கூட்டத்தப் பாத்துக்கிட்டே இருந்துட்டுப் போயிட்டா."

இரண்டு முறை கேட்டேன். 'நல்லா இருக்கேன்மா' என்று பதில் அனுப்பினேன். மின்சாரம் 79.

நாள் 240. பகல் 14:05

காற்று இயந்திரத்தின் முதல் வடிகட்டியில் புழுதி. சுத்தம் செய்தேன். 91 விழுக்காடு வேலை செய்கிறது.

பூமியில் காற்று திசை மாறியிருக்கிறது. யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். செண்பகராஜ் கிடக்கும் இடத்துக்கும் நான் இருந்த கலத்துக்கும் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. உடையில் உள்ள ரேடியோ அந்தத் தூரத்துக்கு எட்டும். பிறகு ஏன் அவளுக்குக் கேட்கவில்லை?

"ரேடியோவ அணைச்சு வெச்சிட்டுத் தூங்கினாளா மகராசி?"

"ஊர்தி காமிராவுல பாருங்க, இறங்கும்போது சிரிக்கிறா. கூட இருந்தவன் செத்திருக்கான்."

நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். சிரிக்கத்தான் செய்கிறேன். ஏன் என்று நினைவில்லை. உதடு பனியில் வெடித்திருந்தது.

தலைமையகத்தின் செய்தி அதிகாரி இளவழகன் அனுப்பியது: "மேடம், ஒரே ஒரு வரி போதும். ரிசீவர் ஆன்ல இருந்துச்சா ஆஃப்ல இருந்துச்சா? நீங்க என்ன சொல்றீங்களோ அதையே நாங்க வெளியிட்டுடுறோம். எதையும் நோண்ட மாட்டோம்."

பதில் அனுப்பினேன்: மின்கலத்தைச் சேமிக்க அணைத்து வைத்திருந்தேன்.

அனுப்பிய நேரம் 14:02.

நாள் 244. காலை 08:30

முதல் வடிகட்டி 74. இரண்டாவது 88. மாற்று உறுப்பு மாற்றுக் குழுவோடுதான் வரும். ஆளில்லா ஊர்தி பெரிய குடியிருப்புக்குத் திரும்பிப் போய் இறங்கும்போது கால் உடைந்து கிடக்கிறதாம். இனி அதை நம்ப முடியாது.

குடும்பங்களுக்கான தனித்தடத்தில் ஒரு குரல் வந்தது. இந்தத் தடத்தைத் தலைமையகம் கேட்காது.

"அக்கா, நான் வள்ளிமயில். செண்பகராஜ் சம்சாரம். உங்கள ஒண்ணும் கொற சொல்ல வரல. ஊரு பேசுறதக் காதுல வாங்காதீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். கடைசியா அவரு எதுவும் பேசுனாரா? உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சா? ஒரு சொல்லா இருந்தாலும் பரவாயில்ல. பாப்பா கேக்குது."

பாப்பா தாமிரா. ஏழு வயது. அவள் பல் விழுந்த படத்தை அவர் சமையல் மேடைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். அங்கேதான் இருக்கிறது.

பதில்: எதுவும் கேட்கவில்லை, வள்ளி.

நாள் 249. பகல் 11:20

முதல் வடிகட்டி நின்றது. இரண்டாவதில் ஓட்டுகிறேன். தலைவலி.

இன்றைய கடிதங்கள் 310. திட்டுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். காட்டில் தொலைந்த கல்லூரி மாணவி ஒருத்தி கிடைத்துவிட்டாளாம், யானைக் கூட்டத்துக்கு நடுவே ஆறு நாள். எல்லாரும் அவள் பக்கம் போய்விட்டார்கள். அவளையும் இப்படித்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். அதோடு அந்த நினைப்பும் நின்றுவிட்டது.

வள்ளிமயில் பதில் அனுப்பியிருக்கிறாள்.

"சரிக்கா. அப்ப யாரும் கேக்காமலே பேசிக்கிட்டு இருந்திருப்பாரு. அவரு பேசாம இருக்க மாட்டாரே. தூக்கத்துலயே பேசுவாரு. நீங்க உடம்பப் பாத்துக்கங்க."

இதைப் பதினேழு முறை கேட்டேன். சாப்பிடவில்லை.

நாள் 253. பகல் 13:00

இரண்டாவது வடிகட்டி 60. தலைவலி தொடர்கிறது. எழுத்து கோணலாகப் போகிறது. மன்னிக்கவும்.

வள்ளிமயிலுக்கு இப்போது குரலில் அனுப்பியதன் எழுத்து நகல் இது.

ரேடியோ அணைந்திருக்கவில்லை.

நான்காம் நாள், நாள் 218, பகல் 15:40. அவர் குரல் வந்தது. நான்கு நிமிடம் வந்தது. சொன்னது எல்லாம் எனக்கு மனப்பாடம்.

"யக்கா, கேக்குதா? நான் செண்பகம். பள்ளத்தாக்கு வாசலுக்கு வந்துட்டேன். ஒரே புழுதியா இருக்கு, கையே தெரியல. நீங்க அந்தப் பழைய கலத்துலதான் இருக்கணும், வேற எங்க போயிருப்பீங்க. எந்தப் பக்கம்னுதான் தெரியல. பட்டனை ஒருதடவ அமுக்குங்க, சிக்னல் வர்ற பக்கமா வந்துடுறேன். திரும்பிப் போற அளவுக்கு எங்கிட்ட காத்து இல்லக்கா. பரவாயில்ல, ரெண்டு பேருமா கலத்துலயே இருந்துக்கலாம். யக்கா. தூங்குறீங்களா? யக்கா."

அதன் பிறகு கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம். பிறகு பாப்பாவிடம் பேசினார். பல் விழுந்தால் கூரை மேல் வீசச் சொன்னார். இங்கே கூரை இல்லை என்று அவரே சிரித்தார்.

கலத்தில் அப்போது மீதி இருந்த காற்று ஒருவருக்கு ஆறு நாள். இருவர் என்றால் மூன்று நாள். புயல் அடங்க இன்னும் ஐந்து நாளாவது ஆகும். அடங்காமல் மேலிருந்து எங்களை யாரும் பார்க்க முடியாது. இந்தக் கணக்கை அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போட்டேன். பென்சிலால், உணவுப் பொட்டலத்தின் பின்னால். இரண்டாம் முறை சரிபார்த்தேன்.

பட்டன் என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது.

நான் அமுக்கவில்லை.

பயந்து செய்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. பயம் இருக்கவில்லை. கணக்கு சரியாக இருந்தது. அவ்வளவுதான்.

இதை மன்னிக்கச் சொல்லி அனுப்பவில்லை, வள்ளி. அவர் யாரும் கேட்காமல் பேசவில்லை. நான் கேட்டேன். முழுவதும் கேட்டேன்.

நாள் 255. காலை 10:00

பதில் இல்லை. இரண்டாவது வடிகட்டி 52. நடந்தால் மூச்சு வாங்குகிறது.

நாள் 257. காலை 10:00

பதில் இல்லை. இன்றைய கடிதங்கள் 4. மூன்று விளம்பரங்கள். ஒன்று ஒரு பள்ளியிலிருந்து, 'அதிசயப் பெண்' என்ற தலைப்பில் கட்டுரைப் போட்டி முடிவு.

நாள் 258. பகல் 12:15

வள்ளிமயில்.

"அஞ்சு நாளா கேட்டுக்கிட்டே இருக்கேன். மொதல்ல போன எறிஞ்சு ஒடச்சேன். மாமா போன வாங்கி மறுபடி கேட்டேன்.

நான் யாருக்கும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஊரு உங்களத் தூக்கி வச்சு ஆடுனதும் போதும், கல்லால எறியுறதும் வேணாம். அவங்க யாரு இதுல?

நீங்க செஞ்சது சரியா தப்பான்னு எனக்குச் சொல்லத் தெரியல. அவரு எடத்துல நீங்க இருந்து, உங்க எடத்துல அவரு இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பாருன்னு நெனச்சுப் பாத்தேன். பட்டன அமுக்கியிருப்பாரு. ரெண்டு பேரும் செத்திருப்பீங்க. அது எனக்குத் தெரியும். ஆனா அத ஒரு ஆறுதலா உங்களுக்கு நான் தரமாட்டேன்.

தாமிராவுக்கு இப்ப ஏழு. பதினெட்டு ஆவட்டும். நீங்க இங்க வரணும். எங்க வீட்டுல, அவளுக்கு எதுத்தாப்புல உக்காந்து, இப்ப எங்கிட்ட சொன்ன மாதிரியே அவகிட்ட சொல்லணும். ஒரு வார்த்த கொறையாம. அது வரைக்கும் நீங்க சாகக் கூடாது. கேக்குதாக்கா? சாகக் கூடாது."

விரல்களை வெட்டிய நாள் 224-க்குப் பிறகு முதல் முறையாக அந்தக் கால் வலிக்கிறது. வலி: 6 என்று பதிந்தேன். 7 என்று திருத்தினேன்.

நாள் 259. காலை 06:50

இரண்டாவது வடிகட்டி நின்றது. சேமிப்பு உருளைகளில் ஓடுகிறேன். நடமாடினால் 17 நாள். அசையாமல் படுத்திருந்தால் 20. குழு வர 21.

தலைமையகம்: "குழுவை ரெண்டு நாள் முன்னாடி கெளப்பப் பாக்குறோம் மேடம். உறுதி சொல்ல முடியல."

செய்தது: கூடத்தை மூடினேன். ஆய்வு அறையை மூடினேன். படுக்கை அறையில் மட்டும் காற்று. வெப்பத்தை 9-க்குக் குறைத்தேன். போர்வைகள், அவருடையவை உட்பட. தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில்.

படுத்தபடி எழுதுகிறேன். எழுதவும் மூச்சு ஆகிறது. இனி நாளைக்கு ஒரு வரி.

பயமாக இருக்கிறது.

நாள் 260
இருக்கிறேன்.

நாள் 261
இருக்கிறேன்.

நாள் 264
இரண்டு நாள் விட்டுப்போயிற்று. இருக்கிறேன். தாமிராவுக்குப் பதினெட்டு ஆக இன்னும் பத்து வருடம், ஏழு மாத

நாள் 26