வண்டி லேட்டா வந்துச்சாம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் தீயணைப்பு நிலையத்தில் குழாய்ப் பயிற்சி. இந்த வாரமும் என் அணிதான் முதலில் தண்ணீர் அடித்தது. அடுத்த அணித் தலைவருக்கு முகம் சுருங்கியது. எனக்கு மதியச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

மார்ச் 5, புதன்

அண்ணன் வீட்டில் தீ. யாருக்கும் காயமில்லை, அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அண்ணி துணி தைக்கும் பின்னறை. இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் வாசலுக்குப் போயிருக்கிறார். தையல் மெஷின், வாடிக்கையாளர்களுக்குத் தைத்து அடுக்கியிருந்த துணி, எல்லாம் போச்சு. அழைப்பு வந்த எட்டாவது நிமிடம் அங்கே நின்றோம். அண்ணன் வாசலிலேயே கத்தினார்: "இப்பதான் வர்றீங்களா? எவ்ளோ நேரமா கூப்பிடறேன்."

அவர் கூப்பிட்டது என்னை. பணி நேரத்தில் எங்கள் செல்போன் லாக்கரில் கிடக்கும். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் வரிசையாக அவர் பெயர். கடைசியில் அவசர எண்ணுக்குப் பேசியது பக்கத்து வீட்டு டீச்சர். சொந்தத் தங்கையே தீயணைப்பு நிலையத்தில் இருக்கும்போது வேறு எண் எதற்கு என்று நினைத்திருக்கிறார் - என்ன மனுஷன் இவர்?

மார்ச் 7, வெள்ளி

அண்ணி போனில்: "வீடு எரியுது, நீங்க கதவு மேல கைய வச்சுப் பாத்துக்கிட்டு நின்னீங்களே. அத என்னால மறக்க முடியல."

சூடு பார்த்தோம் என்று விளக்கினேன். குழாயில் தண்ணீர் வருமுன் கதவைத் திறந்தால் காற்று புகுந்து அறை குப்பென்று பற்றும், கூடமும் போயிருக்கும். தீ அந்த ஓர் அறையைத் தாண்டவில்லை. அதை மட்டும் யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள்.

"அப்படியா" என்றார் அண்ணி. நம்பின மாதிரி இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

தெருக்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். வண்டி தாமதம், காரணம் டிரைவரின் அலட்சியம். முதல் கையெழுத்து அண்ணனுடையது.

நாங்கள் எல்லோரும் சித்தப்பா என்று கூப்பிடும் டிரைவர் அவர். புகார் உறுதியானால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். மனிதர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "விடும்மா, உங்கண்ணன்தானே" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் தாங்கவில்லை.

உண்மையைச் சொன்னால் அண்ணனுக்குத் தெருவில் தலைகாட்ட முடியாது. சொல்லலன்னா சித்தப்பா கதி? இதுல யோசிக்க என்ன இருக்கு? இருந்தும் உட்கார்ந்து யோசிக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

பள்ளிக்கூட ஹாலில் தெருக் கூட்டம். முன்னதாகவே அண்ணனைத் தனியாகப் பார்த்தேன். "நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்லுவேன்."

"சொல்லிக்க."

சொன்னேன். அண்ணன் கூப்பிட்டது என் செல்போனை, அவசர எண்ணை அல்ல என்று. டீச்சரும் எழுந்து தான் எப்போது போன் செய்தார் என்று சொன்னார். முன்வரிசைப் பெரியவர் விடவில்லை: "தங்கச்சியக் கூப்பிட்டது ஒரு குத்தமா?"

"குத்தமில்லைங்க. ஆனா தங்கச்சிக்கு போன் அடிச்சா வண்டி கிளம்பாது. அந்த நம்பர் அடிச்சாத்தான் கிளம்பும்."

பின்னாலிருந்து ஒருவர், "எம் மச்சான் போலீஸ்ல இருக்காரு, திருடன் வந்தா நானும் அவரத்தான் கூப்பிடுவேன்" என்றதும் ஹாலே சிரித்தது. புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அண்ணன் எழுந்து போய்விட்டார். எனக்கு வருத்தம்தான். ஆனால் நாளைக்கே மறுபடி கூட்டம் போட்டாலும் இதையேதான் சொல்வேன்.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணன் பேசவில்லை. அவருக்கே இவ்வளவு வீம்பு என்றால், அவர் தங்கைக்கு இருக்காதா?

ஏப்ரல் 8, செவ்வாய்

எனக்கு விடுப்பு. அண்ணனுடைய எதிர்வீட்டுச் சமையலறையில் தீ பிடித்து, அடுத்த அணி போய் அணைத்திருக்கிறது. அழைத்தது அண்ணன் என்று கன்ட்ரோல் ரூம் அக்கா சொன்னார். முகவரி, எந்த அறை, உள்ளே யாருமில்லை, கதவைச் சாத்திவிட்டோம் - எல்லாம் பதறாமல் சொன்னாராம். பெயரையும் தெருவையும் வைத்து அடையாளம் கண்டு, "உங்க தங்கச்சிக்குச் சொல்லணுமா சார்?" என்று அக்கா கேட்டதற்கு, "யாரு வந்தாலும் சரிம்மா, வண்டிய அனுப்புங்க" என்றாராம்.

சாயங்காலம் என் போனில் அண்ணன்.

"உங்காளுங்க வந்த வேகத்துல என் பூந்தொட்டி ரெண்டும் நொறுங்கிப் போச்சு. கொஞ்சம் மெதுவா வரக்கூடாதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க, "அண்ணிகிட்ட போனக் குடுங்க" என்றேன்.

"இரு. நான் இன்னும் பேசி முடிக்கல" என்றார்.